கழுவாமல் விடுவதும் வேலைதான்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிற நெடுஞ்சாலையிலிருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் உளுந்தூர்பேட்டை. இந்த ஊரில் இருந்துகொண்டு வீட்டு நீச்சல்குளங்களின் ஃபில்டரைப் பராமரிக்கிறேன் என்றால், "இங்க ஏதுண்ணே நீச்சல்குளம்?" என்றுதான் யாரும் முதலில் கேட்பார்கள். ஊருக்குள் அதிகம் இல்லை. ஆனால் இங்கிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 80 கிலோமீட்டர், திருச்சி 125, சேலம் 135. விடியற்காலையில் டாட்டா ஏஸில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், எந்தத் திசையில் வேலை இருந்தாலும் முடித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கடற்கரைச் சாலை பங்களாக்கள், ஏற்காடு அடிவாரத் தோட்ட வீடுகள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் சம்பாதித்தவர்கள் தென்னந்தோப்புக்கு நடுவே கட்டிய வீடுகள் என்று என் வாடிக்கையாளர்கள் நாலாபக்கமும் சிதறிக் கிடக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு இதைவிட வசதியான ஊர் கிடைக்காது.

நான் குளத்தில் தொடங்கியவன் இல்லை, சொட்டுநீரில் தொடங்கியவன். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தியாகதுருகம் பக்கமெல்லாம் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும்தான். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று அரசு சொட்டுநீர்ப் பாசனத்தைக் கொண்டுவந்தபோது, குழாய் பதிக்கிற வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படிப் போனவன்தான். குழாய் பதிப்பதை யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். ஃபில்டரைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு வெள்ளாமைக் காலம் ஆனது. கிணற்றுத் தண்ணீரில் பாசி வரும், அதற்கு மணல் ஃபில்டர். போர் தண்ணீரில் மணல் வரும், அதைச் சுழலவிட்டுக் கீழே தள்ள ஹைட்ரோசைக்ளோன். கடைசியாக, நுண்ணிய தூசிக்கு வட்டு அடுக்கிய டிஸ்க் ஃபில்டர். இதில் ஒன்று ஒழுங்காக இல்லாவிட்டாலும் சொட்டுவானெல்லாம் அடைத்துக்கொண்டு, வரிசை வரிசையாகப் பயிர் வாடும்.

குளத்து மணல் ஃபில்டரும் அதே குடும்பம்தான். ஒரே ஒரு வேறுபாடு இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. வயலில் தண்ணீர் ஃபில்டரை ஒரே முறை தாண்டும். அதோடு மண்ணுக்குள் போய்விடும். குளத்திலோ அதே தண்ணீர் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கு ஃபில்டர் விட்டுவைத்த அழுக்கு நாளைக்கு மறுபடியும் அதன் வாசலில் வந்து நிற்கும். அதனால் குளத்து ஃபில்டர் ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிதானமாக, நாள் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் போதும். நிதானம் கெட்டால்தான் தண்ணீர் கெடும். இந்த ஒன்றை வீட்டுக்காரர்களுக்குப் புரியவைப்பதிலேயே என் தொழிலின் பாதி கழிந்திருக்கிறது.

பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் உள்ள ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 70,000 லிட்டர் பிடிக்கும். எட்டு மணி நேரத்தில் அவ்வளவும் ஒரு முறை ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்றால், மணிக்கு ஒன்பதாயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். அதற்கு 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணல் ஃபில்டரும் அளவான பம்பும் தாராளம். நான் போய்ப் பார்க்கிற பல வீடுகளில் இதே குளத்துக்கு இரண்டு குதிரைத்திறன் பம்பு மாட்டியிருப்பார்கள். "பெரிய மோட்டாருன்னா சீக்கிரம் சுத்தமாகும்ல?" ஆகாது. தண்ணீர் வேகமாகப் போனால் மணலில் ஒட்டவேண்டிய தூசி ஒட்டாமல் மறுபக்கம் வந்துவிடும். மின் கட்டணம் எகிறும், தண்ணீர் மங்கலாகவே இருக்கும்.

மணல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எளிதாக விளங்கும். ஃபில்டருக்குப் போடுகிற சிலிக்கா மணலின் மணி ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், 0.45 முதல் 0.55 வரை. அந்த மணிகளுக்கு நடுவே உள்ள சந்து, நாம் பிடிக்க நினைக்கிற தூசியைவிடப் பெரியது. சல்லடைக் கணக்குப் போட்டால் தூசி தப்பித்துப் போக வேண்டும். ஆனாலும் 20 முதல் 40 மைக்ரான் தூசி வரை மணல் பிடித்துவிடுகிறது. வளைந்து வளைந்து போகிற வழியில் தூசி மணலின் முனைகளில் முட்டி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய தூசி அடுத்த தூசிக்கு வலை ஆகிறது. ஆகவே சற்று அழுக்குப் படிந்த மணல்தான், அன்றைக்குக் கழுவிய மணலைவிட நன்றாக வடிகட்டும். கழுவி முடித்த அன்று குளத்துத் தண்ணீர் கொஞ்சம் மந்தமாகத் தெரிந்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பளிச்சென்று ஆவதைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்த முறையே இதுதான். சென்னைக்கு 1872இலிருந்தே செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் வடிகட்டாமல் வந்தது. 1914இல்தான் மாட்லி என்ற பொறியாளர் அங்கே மணல் படுகைகளை அமைத்தார். அவை மெதுவாக வடிக்கிற படுகைகள். அந்த வகையில் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு அரையடி இறங்கினாலே அதிகம். மணலின் மேல்பரப்பில் வழவழப்பான ஒரு படலம் வளரும். அதில் உயிருள்ள நுண்ணுயிர்கள்தான் வேலை செய்கின்றன. அந்தப் படலம் வளர்கிற வரை படுகையை முழுசாக நம்பமாட்டார்கள். மணலில் வடிப்பதன் பலன் அதற்கு முன்பே தெரிந்ததுதான்: 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை ஒட்டியே இருந்த அல்டோனா நகரமும் அதே எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான் எடுத்தது, ஆனால் மணலில் வடித்துக் கொடுத்தது. அங்கே சாவு மிகக் குறைவு. நம் குளத்து ஃபில்டர் அந்த மெதுவான படுகைகளைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமானது. அதில் அந்த உயிர்ப்படலத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. கிருமியைக் குளோரின் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அழுக்கே அழுக்கைப் பிடிக்கும் என்கிற அடிப்படை இரண்டுக்கும் பொது.

எனவே நான் ஒரு வீட்டுக்குப் போனதும் முதலில் குளத்தைப் பார்ப்பதில்லை, பிரஷர் கேஜைப் பார்ப்பேன். பம்பு நிற்கும்போது முள் சைபருக்கு வருகிறதா என்று பார்ப்பேன். வராவிட்டால் அந்த கேஜ் எதற்கும் உதவாது, மாற்றிவிட வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். இதில் கஞ்சம் பிடிக்கிற வீடுகளில்தான் மற்ற செலவெல்லாம் வரும். கழுவி முடித்த உடனே பம்பை ஓட்டினால் முள் எங்கே நிற்கிறதோ, அதை ஃபில்டர் உடம்பிலேயே பெயிண்ட்டால் எழுதி வைப்பேன். பன்னிரண்டு பிஎஸ்ஐ என்றால் 12. அதிலிருந்து எட்டு அல்லது பத்து ஏறும்வரை தண்ணீரின் போக்கை மாற்றுகிற மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை யாரும் தொடக்கூடாது. 12 எழுதியிருக்கிற வீட்டில் முள் 20ஐத் தாண்டும்போதுதான் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி மணலைக் கழுவுவது.

வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை பேக்வாஷ் என்று நாள் குறித்துவைக்கிற வீடுகள் ஏராளம். சுத்தத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் மணல் தன் பிடிப்பை இழந்து முதலிலிருந்து தொடங்குகிறது. அதோடு அறுநூறு லிட்டர் தண்ணீரும் போகிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் கோடையில் அறுநூறு லிட்டர் எவ்வளவு என்று இங்கே குடத்தோடு நின்றவர்களுக்குத் தெரியும்.

கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்த வேண்டும். இதை நான் சொல்லாத வீடு இல்லை. பம்பு ஓடும்போது திருப்பினால் வால்வுக்குள் இருக்கிற சிலந்தி வடிவ ரப்பர் பிய்ந்துவிடும். பிய்ந்தது வெளியே தெரியாது. ஃபில்டர் நிலையில் ஓடும்போதே கழிவுக் குழாயில் மெல்லிசாகத் தண்ணீர் கசியும், குளத்து மட்டம் ஏன் இறங்குகிறது என்று புரியாமல் தரையில் விரிசல் தேடுவார்கள். ஒரு வீட்டில் ஓடுகளைப் பெயர்த்தே பார்த்திருந்தார்கள். குறை வால்வுக்குள் இருந்தது.

பேக்வாஷ் என்றால் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி மணல் படுகையையே தூக்கிக் குலுக்க வேண்டும். அரிசி களைவதைப் போலத்தான்: மணி அடியில் தங்கும், கழுநீர் மேலே போகும். கழிவுத் தண்ணீர் தெரிகிற கண்ணாடிக் குமிழில் முதலில் தெளிவாகத் தெரியும், பிறகு திடீரென்று பழுப்பாகும், பிறகு மெல்லத் தெளியும். அந்த முதல் தெளிவைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். அதன்பின் பம்பை நிறுத்தி, ரின்ஸ் நிலைக்கு மாற்றி அரை நிமிடம். இதை விட்டுவிட்டால் குலுங்கிய அழுக்கு குளத்துக்குள்ளேயே புகைபோல வந்து விழும்.

இனி எங்கள் பக்கத்துத் தண்ணீர். கடினப் பாறைக்கு மேல் இருக்கிற பூமி இது. போர் ஆழமாகப் போகப் போகப் பெரும்பாலும் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் கூடும். கோடையில் குளத்துத் தண்ணீர் ஆவியாகும்; சுண்ணாம்பு மட்டும் போகாமல் தங்கும்; குறைந்ததை ஈடுகட்ட மறுபடியும் போர் தண்ணீர் விடுவார்கள்; மேலும் சுண்ணாம்பு சேரும். ஒரு நாள் அது கரைந்திருக்க இடமில்லாமல் படியத் தொடங்கும். குழாயில் படியும், ஓட்டில் வெள்ளைக் கோடாகப் படியும், மணலிலும் படியும். எந்த நிலையில் சுண்ணாம்பு படியும், எந்த நிலையில் தண்ணீரே சுவரின் சுண்ணாம்பை அரிக்கும் என்று 1936இல் லாங்லியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு கணக்குக் கொடுத்தார். பிஎச், சூடு, கால்சியம், காரத்தன்மை, கரைந்த உப்பு ஆகிய ஐந்தும் அதில் வரும். குழாய்க்காரர்களும் கொதிகலன்காரர்களும் இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். நான் பிஎச்சை 7.2க்கும் 7.6க்கும் நடுவே வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். எட்டைத் தாண்டினால் சுண்ணாம்பும் படியும், குளோரினின் வீரியமும் பாதிக்கும் மேல் போய்விடும்.

மணலில் சுண்ணாம்பு பிடித்துவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று வைத்திருக்கிறேன். மேல்மூடியைத் திறந்து ஒரு பிடி மணலை எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டு, இரண்டு சொட்டு ஆசிட் விடுவேன். நல்ல மணல் சும்மா இருக்கும். சுண்ணாம்பு படிந்த மணல் நுரைத்துக்கொண்டு பொங்கும். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், மணல் மாற்ற வேண்டும் என்பதற்கு வேறு விளக்கமே வேண்டியதில்லை. நல்ல தண்ணீராக இருந்தால் மணல் ஐந்து முதல் ஏழு வருஷம் உழைக்கும்; கெட்ட தண்ணீரில் மூன்று வருஷத்திலேயே கட்டியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சில போர்களில் இரும்பும் இருக்கும். தண்ணீர் வரும்போது கண்ணாடியாக இருக்கும், குளோரின் போட்ட ஒரு மணி நேரத்தில் டீத் தண்ணீர் நிறத்துக்கு மாறும். பதறிப்போய் எனக்குப் போன் வரும். கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிந்து வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான். இனி அதை மணல் பிடித்துவிடும். இந்தச் சமயத்தில் மட்டும் கேஜ் வேகமாக ஏறும், அடிக்கடி பேக்வாஷ் செய்தாக வேண்டும்.

போர் தண்ணீருக்கு அடுத்தபடியாக மணலைக் கெடுப்பது பிளீச்சிங் பவுடர். பஞ்சாயத்துத் தொட்டிக்குப் போடுகிற அதே வெள்ளைப் பொடியை மூட்டையோடு வாங்கிக் குளத்தில் தூவிவிடுகிறார்கள். அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான்; மீதியில் கரையாத சுண்ணாம்பு நிறைய. அத்தனையும் ஃபில்டருக்குள் போய் உட்கார்ந்து மணலைக் காரைபோல ஆக்கும். பொடியைப் போட்டே ஆக வேண்டும் என்றால், முந்தின நாள் இரவே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து மூடி வைத்து, காலையில் மேலே நிற்கிற தெளிநீரை மட்டும் குளத்தில் ஊற்ற வேண்டும். அடியில் தங்குகிற வண்டலை ஊற்றக்கூடாது. இது காசு செலவில்லாத வேலை, ஆனால் மணலின் ஆயுசை இரட்டிப்பாக்கும்.

எண்ணெய் மூன்றாவது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கம் நல்லது. தேய்த்த தலையோடு குளத்தில் குதிப்பதுதான் கெடுதல். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மணலை ஒன்றோடு ஒன்று ஒட்டி உருண்டையாக்கும். திறந்து பார்த்தால் எலுமிச்சம்பழ அளவில் சேற்றுருண்டைகள் கிடக்கும். தண்ணீர் அந்த உருண்டைகளைச் சுற்றிக்கொண்டு, எங்கே தடை குறைவோ அங்கே ஒரு வழி குடைந்துகொண்டு நேராகக் கீழே இறங்கும். அப்புறம் அந்த வழியில் வடிகட்டுதலே கிடையாது. கேஜ் குறைவாகவே காட்டும், குளம் மட்டும் தெளியாது. அனுபவம் இல்லாதவர்கள் ஏமாறுகிற இடம் இது: முள் ஏறாததைப் பார்த்து ஃபில்டர் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷவர் வைத்து, சீயக்காயோ சோப்போ போட்டுத் தலையை அலசிவிட்டு இறங்கச் சொன்னாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

சின்னக் குளங்களில் மணலுக்குப் பதில் கார்ட்ரிட்ஜ் இருக்கும், மடிப்பு மடிப்பான துணி உருளை. இதில் பேக்வாஷ் இல்லை, தண்ணீரும் வீணாகாது, மணலைவிட நுண்ணிய தூசியைப் பிடிக்கும். கழற்றித்தான் கழுவ வேண்டும். கார் கழுவுகிற பிரஷர் கன்னை இதன் மேல் காட்டவே கூடாது, இழை பிரிந்துவிடும். சாதாரண ஹோஸ் பைப்பைச் சாய்வாகப் பிடித்து, மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே. எண்ணெய் பிடித்திருந்தால் முதலில் டிரைசோடியம் பாஸ்பேட் மாதிரி எண்ணெய் நீக்குகிற கரைசலில் ஒரு ராத்திரி ஊற வேண்டும். அதை நன்றாக அலசிய பிறகுதான், சுண்ணாம்பு போக, மிக நீர்த்த ஆசிட். இந்த வரிசையை மாற்றினால் ஆசிட் எண்ணெயை இழைக்குள் கெட்டிப்படுத்திவிடும். பிறகு எதில் ஊறவைத்தாலும் வராது. இரண்டு உருளை வாங்கி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுகிற வீடுகளில் இரண்டுமே நெடுநாள் வரும்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் மூழ்கியது, இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. மனிதர்கள் வீட்டையும் மாட்டையும் இழந்து நின்ற நேரத்தில் நீச்சல்குளத்தைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் அழைப்புகள் வரத் தொடங்கின. கொசு பெருகும், குழந்தைகள் தவறி விழுந்தால் தரை தெரியாது என்ற பயத்தில் கூப்பிட்டார்கள். அது நியாயமான பயம். செம்மண் கரைசல் நிறைந்த குளத்தில் ஒருவர் மூழ்கினால், பக்கத்தில் நிற்பவர்கூடப் பார்க்க முடியாது.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் நான் போனிலேயே சொன்னது ஒன்றுதான்: "நான் வர்ற வரைக்கும் பம்ப போடாதீங்க." வெள்ளச் சேற்றை ஃபில்டர் வழியாக ஓட்டினால் அரை மணியில் மணல் முழுக்கக் களிமண் ஏறிக்கொள்ளும். மாறாக, தண்ணீரைச் சும்மா விட வேண்டும். முதலில் காரத்தன்மையைச் சரிபார்த்து, படிகாரத்தை வாளியில் கரைத்துக் குளம் முழுக்கப் பரப்பி ஊற்றி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், களிமண் துகள்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து பஞ்சுபோல அடியில் படியும். விடிந்ததும் வால்வை 'வேஸ்ட்' நிலையில் வைத்து, ஃபில்டரைத் தொடாமலேயே அந்தப் படிவை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும். துடைப்பானை மிக மெல்ல நகர்த்த வேண்டும்; அவசரப்பட்டால் படிந்தது மறுபடி எழும்பிவிடும், இன்னொரு ராத்திரி காத்திருக்க வேண்டும்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டுப் பாட்டி, "இது நாங்க தேத்தாங்கொட்டை தேச்ச மாதிரிதானேப்பா" என்றார். மிகச் சரி. குடத்தின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றி வைத்துத் தெளியவைத்த ஊர் இது. கலித்தொகையிலேயே அந்தக் கொட்டை பேசப்படுகிறது. இலங்கையில் அநுராதபுரத்து இரட்டைக் குளங்களைப் பார்த்தவர்கள் கவனித்திருக்கலாம், தண்ணீர் குளத்துக்குள் வருவதற்கு முன்னால் வண்டல் தங்குவதற்கென்றே சிறு தொட்டிகள் கட்டியிருக்கிறார்கள். வடிகட்டுவதற்கு முன்னால் படியவிடுவது என்கிற அறிவு நம்மிடம் பழசு. மோட்டார் வந்த பிறகு காத்திருக்கப் பொறுமை போய்விட்டது.

இதற்கு நேர் எதிரான சிக்கலை 2020இல் பார்த்தேன். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். சொந்தக்காரர்கள் சென்னையில் மாட்டிக்கொள்ள, தோட்ட வீடுகளில் பம்பு மாதக்கணக்கில் ஓடவில்லை. மூடிய ஃபில்டருக்குள் நின்ற தண்ணீர் அழுகியது. நான் திறந்தபோது சில வீடுகளில் முட்டை கெட்ட நாற்றம், சில வீடுகளில் மணல் கடப்பாரையால் குத்தியெடுக்க வேண்டிய பாறை. பழைய மணலை அள்ளுவது முதுகு ஒடிகிற வேலை. 600 மில்லிமீட்டர் ஃபில்டரில் ஈர மணல் ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் வரும். அடியில் விரல்கள்போல விரிந்திருக்கிற லேட்டரல் குழாய்கள் மெல்லிய பிளாஸ்டிக். மண்வெட்டியின் நுனி பட்டால் போச்சு. கடைசி அரையடியைக் கையால்தான் அள்ள வேண்டும். புது மணல் போடும்போது ஃபில்டரில் பாதிவரை தண்ணீர் நிரப்பிவிட்டுப் போட்டால், விழுகிற மணலின் வேகம் தண்ணீரில் தணிந்துவிடும். நடுவே நிற்கிற குழாயின் வாயைத் துணியால் கட்டிவிட மறக்கக்கூடாது. வேலை முடிந்து ஓட்டும்போது குளத்துக்குள் மணல் வந்து விழுந்தால், எங்கோ ஒரு லேட்டரல் உடைந்திருக்கிறது என்று பொருள். மறுபடியும் முழுவதையும் அள்ள வேண்டியதுதான்.

பெஞ்சல் புயல் வந்த அதே 2024இல் கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, "மணலை மாத்திடுங்க, எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்று பலர் கூப்பிட்டார்கள். தேவையில்லாத இடத்தில் மாற்ற நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அமீபா மூக்கு வழியாக ஏறுகிறது, குடித்தால் வருவதில்லை. அதைத் தடுப்பது தண்ணீரில் எந்நேரமும் இருக்கிற குளோரின். ஒரு லிட்டருக்கு ஒன்று முதல் மூன்று மில்லிகிராம், பிஎச் கட்டுக்குள். மணலை மாற்றிவிட்டு குளோரினை மறந்தால் பயனில்லை. ஆனால் ஃபில்டருக்கும் இதில் பங்கு உண்டு: வழவழப்புப் பிடித்த மணல் குளோரினைத் தின்றுவிடும், அந்த வழவழப்புக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். ஆகவே குளோரின் போடப்போட நிற்கவில்லை என்று ஒரு வீட்டில் சொன்னால், தண்ணீரை விட்டுவிட்டு நான் நேராக ஃபில்டரைத் திறப்பேன்.

ஆபத்தான விஷயங்களைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிசிசிஏ என்கிற குளோரின் வில்லைக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் ஒரே மக்கைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டும் குளோரின்தானே என்று ஒரு தோட்ட வீட்டுக் காவலாளி ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். மழைச் சாரல் பட்டு அது சீறிக்கொண்டு புகைந்தது. அவர் மூச்சுத் திணறி வெளியே ஓடி வந்ததால் பிழைத்தார். இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது. குளோரின் இருக்கிற அலமாரியில் ஆசிட் இருக்கவே கூடாது. ஃபில்டரில் காற்று நிறைந்திருக்கும்போது பம்பைப் போட்டால் அழுத்தம் மூடியைத் தூக்கி எறியும். காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, தண்ணீர் பீறிடும்வரை தள்ளி நில்லுங்கள். பம்புக்கு எர்த்தும் கசிவு பிரேக்கரும் இல்லாத வீட்டில் நான் வேலை செய்வதில்லை.

குளத்தடி வடிகால் மூடியையும் ஒவ்வொரு தடவையும் காலால் அழுத்திப் பார்ப்பேன். 2002இல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். பெரியவர்கள் சேர்ந்து இழுத்தும் உடனே விடுவிக்க முடியவில்லை. அவள் பெயரில் 2007இல் அங்கே சட்டம் வந்தது. இங்கே உடைந்த மூடியை மாற்றாமல், "குழந்தைங்க அந்தப் பக்கம் போகமாட்டாங்க" என்பார்கள். மூடி மாட்டும்வரை பம்பின் ஃபியூஸைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். இதில் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை.

பேக்வாஷ் தண்ணீரைத் தெருவில் விடுவதைப் பார்த்தால் மனம் கேட்பதில்லை. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றில் பிடித்துத் திறந்து வைத்தால், எங்கள் ஊர் வெயிலில் இரண்டு மூன்று நாளில் குளோரின் போய்விடும், வண்டல் அடியில் தங்கும். மேல்தண்ணீரைத் தென்னைக்கு விடலாம். தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும். கீரைப் பாத்திக்கும் புது நாற்றுக்கும் வேண்டாம். ஏரிக்கரைப் பக்கமோ மீன் விட்ட குட்டைப் பக்கமோ ஒரு சொட்டும் போகக்கூடாது. சொட்டுநீர் போட்டவன் என்பதால், இந்தத் தொட்டியிலிருந்து தோப்புக்கு ஒரு குழாய் இழுத்துக் கொடுப்பதை என் கூலியில் சேர்க்காமலேயே செய்து தருகிறேன்.

புதுசாகக் குளம் கட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஓட்டின் நிறத்துக்கு மூன்று மாதம் யோசிக்கிறார்கள், ஃபில்டர் அறையைக் கடைசியில் மிஞ்சின மூலையில் போடுகிறார்கள். தரைக்குக் கீழே குழி தோண்டி, தலை இடிக்கிற உயரத்தில் ஸ்லாப் போட்டு, உள்ளே ஃபில்டரை இறக்கிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அந்தக் குழி நிறைந்து மோட்டார் மூழ்கும். மணல் மாற்ற வேண்டிய நாளில் மேல்மூடி ஸ்லாப்பில் இடிக்கும், திறக்க முடியாது. ஒன்று ஸ்லாப்பை உடைக்க வேண்டும், இல்லையென்றால் குழாய்களை அறுத்து ஃபில்டரையே வெளியே எடுக்க வேண்டும். ஃபில்டருக்கு மேல் மூன்றடி, சுற்றிலும் ஓர் ஆள் குனிந்து நிமிர இடம், தரையில் ஒரு வடிகால், காற்று போக ஜன்னல், கேஜைப் படிக்க ஒரு விளக்கு. வரைபடத்தில் இவை இருக்கின்றனவா என்று கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பாருங்கள். வரைபடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நானே பார்த்துச் சொல்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.